பாப்ரிக்கா கருகிய ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணம் முடிந்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் அப்பா, பிறகு அம்மா என்று இரண்டு பேரையும் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பி முடித்தபோது, என்னைப் பெண் கேட்டு யாரும் வராத வயதுக்கு நான் வந்துவிட்டிருந்தேன். டெக்சஸில் பேர்லேண்டில் இருக்கும் என் தங்கைதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை சென்னைக்காரர். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் சொந்த வீடு, மருந்துக் கம்பெனியில் வேலை. படிக்க வந்த இடத்தில் ஹங்கேரியக் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்திருந்தார். அந்தம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினைந்து வயதில் ஒரு மகள்.

வீடியோ காலில் அவர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. நான் என்ன படித்தேன் என்பதைக்கூடத் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சமையலைப் பற்றி மட்டும் நிதானமாக விசாரித்தார்.

"நான்-வெஜ் நல்லா பண்ணுவீங்கல்ல? என் பொண்ணுக்கு டின்னர் ரொம்ப முக்கியம். அவங்க அம்மா இருந்தப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அவளுக்கு அந்த கம்ஃபர்ட் ஃபுட் வேணும்."

கம்ஃபர்ட் ஃபுட் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். உடம்பு சரியில்லாதபோது தரும் கஞ்சியைப் போல ஏதோ என்று நினைத்துக்கொண்டு, செய்வேன் என்றேன்.

வந்த முதல் வாரம் வஞ்சிரம் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தவுடன் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். பிப்ரவரி மாதம். வீடு முழுக்கக் குளிர் புகுந்தது. மகளுடைய ஸ்கூல் ஜாக்கெட்டில் வாடை ஏறிவிடும், இனி மீன் சமைப்பதென்றால் வெளியே டெக்கில் வைத்துச் சமைத்துக்கொள் என்று சொல்லி, கராஜிலிருந்து கேம்பிங் ஸ்டவ் ஒன்றை எடுத்துக்கொடுத்தார். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, பனிக்குள் நின்று நான் மீன் பொரித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சமையலறை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

உள்ளே இருந்த அடுப்பு அவருடைய முதல் மனைவியின் சமையலுக்கு. அதற்கென்று கனமான சிவப்பு எனாமல் பாத்திரம் ஒன்று இருந்தது. அதில்தான் செய்ய வேண்டும் என்றார்.

சாதாரண அமெரிக்கச் சாப்பாட்டில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. மாக்கரோனியும் சீஸும், சிக்கன் நூடுல் சூப், மீட்லோஃப் எல்லாம் யூடியூப் பார்த்துச் செய்தேன். மகள் போனைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். ஹங்கேரியச் சமையலில்தான் நான் தோற்றேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில், எல்லோர் முன்னாலும்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்தவுடன் அந்தம்மாவின் அக்கா வருவார். அரை மணி நேரத் தூரத்தில் தனியாக இருந்தார், ஒரு பல் மருத்துவரிடம் வேலை. மகளுக்குப் பெரியம்மா முறை என்பதால் நானும் மனதுக்குள் அவரைப் பெரியம்மா என்றே வைத்துக்கொண்டேன். நான் அந்தப் பெண்ணுக்குச் சித்தி. அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் நம் பாஷையில் ஒரே சொல்தான். அந்தக் கணக்கில் பெரியம்மாவும் நானும் அக்கா தங்கை ஆகியிருக்க வேண்டும். மகளிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவள் காதில் இருந்த இயர்போனைக் கழற்றாமலே தலையை ஆட்டினாள். அவள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. நான் இருக்கும் அறையில் அப்பாவிடம் பேசும்போது "உங்க ஒய்ஃப்" என்பாள்.

பெரியம்மாவும் மகளும் பேசியது ஆங்கிலம். நான் அதை என் வாய்மொழியில் சொல்கிறேன்.

பெரியம்மாவிடம் சிக்கன் பாப்ரிகாஷ் செய்யக் கற்றுத்தரும்படி நானேதான் கேட்டேன். கோழியை வெங்காயத்தோடும் பாப்ரிக்கா என்ற காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூளோடும் வேகவைத்து, கடைசியில் சவர் கிரீம் என்ற புளித்த பாலேட்டைச் சேர்ப்பது. கூட, நொக்கெட்லி என்று குட்டிக்குட்டியாக மாவு உருண்டைகள், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பது. அந்தம்மா வாராவாரம் செய்தது இதைத்தான். நான் கேட்டதும் பெரியம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு, அதற்கென்ன, சொல்லித்தருகிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தபோது, எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே பாப்ரிக்காவைப் போட்டு, நிறம் மாறும்வரை வறுக்கச் சொன்னார். உங்கள் ஊரில் மிளகாய்த்தூளை வதக்குவீர்களே, அதைப்போல, பயப்படாதே என்றார். நொக்கெட்லி மாவைக் கை வலிக்க அடித்துப் பிசையச் சொன்னார். சவர் கிரீமைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொதிக்கும் குழம்பில் கொட்டச் சொன்னார்.

அப்படியே செய்தேன். குழம்பு கசந்தது. சவர் கிரீம் திரிந்து, தயிர் உடைந்ததுபோல வெள்ளைத் திட்டுகளாக மிதந்தது. நொக்கெட்லியைக் கடித்தால் ரப்பர்.

மேஜையில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பெரியம்மா இரண்டு வாய் எடுத்துவிட்டு, முதல் தடவைதானே என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். மகள் தட்டைப் போட்டோ எடுத்தாள். அவர் என்னிடம் தமிழில், மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை வாராவாரம் கேட்டேன்.

பெரியம்மா ஒவ்வொரு முறையும் திருத்தம் சொல்வார். பாப்ரிக்கா இன்னும் வறுபட வேண்டும், மாவை இன்னும் அடிக்க வேண்டும். வீடியோக்களில் வேறு மாதிரி செய்கிறார்களே, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தானே பாப்ரிக்கா சேர்க்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். அதெல்லாம் நகரத்துக்காரர்கள் செய்வது, எங்கள் அம்மா கிழக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள், என் தங்கையும் அவளைப் பார்த்துத்தான் செய்தாள் என்றார். சர்க்கரைச் சத்துள்ள தூள் காய்ந்த எண்ணெயில் கருகும் என்பதைப் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அவர் சொன்னதை நம்பினேன். செத்துப்போன தங்கையின் பெயரைச் சொல்லி ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன்.

வேலை செய்ய அனுமதி அட்டை இன்னும் வந்திருக்கவில்லை. கார் ஓட்டவும் தெரியாது. பகலெல்லாம் அந்த வீட்டில் நானும் சிவப்புப் பாத்திரமும்தான். வாரநாட்களிலும் செய்துபார்த்தேன். கசந்ததை நானே மதியம் சாப்பிட்டேன். தங்கையிடம் போனில் அழுதிருக்கிறேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா," என்றாள் அவள். "ஒன் வயசுக்கு இதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்? அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லல்லா. பாவம். நீதான் கொஞ்சம் எறங்கிப் போணும்."

அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும்தான் அம்மா இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு வாரநாள் சாயங்காலம். மகள் ஸ்கூலிலிருந்து வந்து தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்தாள். நான் அடுப்பில் வெங்காயம் வதக்கி, காய்ந்த எண்ணெயில் பாப்ரிக்காவைப் போட்டேன். சிவப்பு பழுப்பாக மாறி, கசந்த புகை எழும்பியது. அவள் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நீ நிஜமாவே ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் செய்றே," என்றாள்.

என்ன என்று கேட்டேன்.

அம்மா எப்போதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, மடித்த துண்டின்மேல் வைத்துவிடுவாளாம். அதற்குப் பிறகு பாப்ரிக்காவைப் போடுவது இவளுடைய வேலையாம், சின்ன வயதிலிருந்து. ஸ்டூலில் ஏறி நின்று போடுவாளாம். மாவை நாலு சுற்றுச் சுற்றி அப்படியே விட்டுவிட வேண்டுமாம், அடிக்கவே கூடாதாம். இது எல்லோருக்கும் தெரியும் என்றாள்.

"அப்போ பெரியம்மா எனக்கு ஏன் மாத்திச் சொன்னாங்க?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரை சிங்கில் வைத்தாள்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அவள் முகத்தில் பயமோ வெட்கமோ இல்லை. நான் என்ன செய்வேன் என்று பார்க்கும் ஆவல் மட்டும் இருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவள் ஏமாற்றத்தோடு மாடிக்குப் போய்விட்டாள்.

அவர் வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கோபப்படுவார், மகளைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் லேஸை அவிழ்த்து, ஷூக்களை ஜோடியாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும்."

"எது தெரியும்?"

"அவங்க ரெண்டு பேரும் விளையாடுறாங்கன்னு. ஸ்டார்டிங்லயே தெரியும். மொத நாள் கசந்தப்பவே கெஸ் பண்ணிட்டேன். நானும் அந்தக் கிச்சன்ல இவ அம்மாகூட நின்னிருக்கேன்ல?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குரலைத் தணித்தார். "அவங்க அம்மா போனப்புறம் இவ சிரிச்சதே இல்லம்மா. சண்டே வந்தாத்தான் சிரிக்கிறா. பெரியம்மாவோட போன்ல பேசிச் சிரிக்கிறது எனக்குக் கேக்கும். அதக் கெடுக்கணுமா? உனக்கு என்ன நஷ்டம், ஒரு சிக்கன்தானே."

வாராவாரம் என் முகத்தைப் பார்த்து "இது அது இல்ல" என்று சொன்ன மனிதர். ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். அன்றிரவு படுக்கையில் அவர் என் தோளில் கை வைத்தபோது நான் எடுத்துவிட்டேன். அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவருக்கு எப்போதும் உடனே தூக்கம் வரும்.

அடுத்த ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, நிறம் மாறவிடாமல், கண்ணாடிபோல ஆகும்வரை சின்னத் தணலில் வதக்கினேன். பாத்திரத்தை இறக்கி, துண்டை மடித்து அதன்மேல் வைத்தேன். பாப்ரிக்காவைப் போட்டுக் கிளறி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். வாசனை வேறாக இருந்தது. இனிப்பும் மண்வாசனையும் கலந்த ஒன்று, எனக்குப் பழக்கமான எதையும்போல இல்லை. கோழியைப் போட்டு மூடி, தன் தண்ணீரிலேயே வேகவிட்டேன். சவர் கிரீமை முன்பே வெளியே எடுத்து வைத்து, மாவு கலந்து, சூடான குழம்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றி இளக்கிய பிறகு சேர்த்தேன். திரியவில்லை. குழம்பு ஒரே வழவழப்பாக, செங்கல்லும் பாலும் சேர்ந்த நிறத்தில் வந்தது. மாவை நாலு சுற்றுச் சுற்றி விட்டுவிட்டேன்.

ருசி பார்த்தேன். அந்தப் பெண்ணை எனக்குக் கொஞ்சம் புரிந்தது, ஒரு கரண்டி அளவுக்கு. வாராவாரம் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவள், ஒருநாள் அது இல்லாமல் போனால் என்ன செய்வாள் என்று நினைத்தேன். அதற்காக என் ஆத்திரம் அடங்கிவிடவில்லை.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே மகள் நின்றுவிட்டதை நான் கவனித்தேன். வாசனை பிடித்திருக்கிறாள். நான் பரிமாறினேன். பெரியம்மா முதல் வாய் எடுத்தார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, முள்கரண்டியைச் சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே மென்றார்.

மகள் சாப்பிட்டாள். ஒரு வாய், இன்னொரு வாய், வேகவேகமாக இன்னும் இரண்டு. பிறகு எழுந்து, தட்டை எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் வழித்தாள். திரும்பி வந்து அடுப்பிலிருந்த சிவப்புப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். அது கனம். சூடும்கூட. அதையும் தொட்டியில் கவிழ்த்தாள். குழம்பு தொட்டியின் விளிம்பில் வழிந்து தரையில் சொட்டியது.

"இத நீ செய்யக்கூடாது," என்றாள். "தப்பாத்தான் செய்யணும். உனக்குப் புரியலையா?"

அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. பெரியம்மா ஓடிப்போய் அவள் கையைக் குழாயடியில் பிடித்தார். இருவரும் சேர்ந்து அழுதார்கள். என் கணவர் எழுந்துபோய் மகளின் முதுகைத் தடவினார். நான் மட்டும் மேஜையில் இருந்தேன். என் தட்டில் இருந்தது அப்படியே இருந்தது. நான் சாப்பிட்டேன். எலும்பு வரை சாப்பிட்டு முடித்தேன்.

பெரியம்மா கிளம்பும்போது டிரைவ்வேயில் அவர் கார்வரை போனேன். ஒன்று மட்டும் கேட்டேன். அவள் குழந்தை, சொன்னாள், நீங்கள் பெரியவர், ஏன் செய்தீர்கள்?

அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். அழுத முகம் வீங்கியிருந்தது.

"நீ வந்து, உப்புக் கேக்கிற மாதிரி, எனக்கும் சொல்லிக்குடுங்கன்னு கேட்டே. என் தங்கச்சி வீடு உனக்குக் கெடைச்சது, அவ புருஷன் கெடைச்சான். அவ கைப்பக்குவத்தையும் குடுன்னு கேட்டே. குடுக்கல. இப்பவும் வருத்தமில்ல எனக்கு."

அவர் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. மகளைத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவார், காரைவிட்டு இறங்காமல் ஹார்ன் அடிப்பார்.

உள்ளே வந்து தரையைத் துடைத்தேன். என் கணவர் வந்து நின்று, "இனிமே அத பண்ணாதே, ப்ளீஸ். அவளால தாங்க முடியல," என்றார்.

அடுத்த ஞாயிறு அதையே செய்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும். மகள் வீட்டில் இருந்தாலும் செய்தேன், இல்லாவிட்டாலும் செய்தேன். வாசனை மாடிவரை போகும் என்று தெரிந்து, சமையலறைக் கதவைத் திறந்துவைத்துச் செய்தேன். அவள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதன் அடியில் துணியைச் செருகினாள். நான் நிறுத்தவில்லை. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நாங்கள் செய்தது இதுதான்.

அவர்தான் மாறினார். பண்ணாதே என்றவர், ஒரு ஞாயிறு சும்மா வந்து உட்கார்ந்து தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு வாராவாரம் உட்கார்ந்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணை மூடித்தான் சாப்பிடுவார். "அப்படியே இருக்கு," என்பார். மாடியில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்க, கீழே அப்பா ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார். அதைப் பார்க்கப் பார்க்க, அந்த மகளின் பக்கம் நான் சாய்ந்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய ஒரு ஞாயிறு, சாப்பிட்டு எழுந்தவர் போகிறபோக்கில் என் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்து, ஏதோ இரண்டு சொல் சொன்னார். அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. முதல் சொல் எனக்குத் தெரியும். ஹங்கேரிய மொழியில் நன்றி. பெரியம்மாவும் மகளும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது சொல் என்னவென்று தெரியாது, ஆனால் யாருக்கானது என்று தெரியும். அவருக்கு, தான் சொன்னதே தெரியவில்லை. டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி அத்தனை நாளில் அவ்வளவு பிரியமாக அவர் என்னைத் தொட்டதில்லை.

நான் அந்தச் சிவப்புப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, கராஜில் மேல்தட்டில் வைத்தேன். கேம்பிங் ஸ்டவ்வை எடுத்துக் குப்பை எடுக்கிறவர்களுக்காகத் தெருவோரம் வைத்தேன். பிறகு அவர் முன்னால் போய் நின்று சொன்னேன்.

"இனிமே அது இல்ல. உங்களுக்கு வேணும்னா நீங்க பண்ணிக்கோங்க. எனக்கு வேண்டியத நான் உள்ளேயே சமைச்சுக்கிடுதேன். வாடை வந்தா ஜன்னலத் தொறந்துக்கோங்க."

"இப்ப என்ன ஆச்சு? நல்லாத்தானே போயிட்டிருந்தது?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியாதபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் எனக்கு அனுமதி அட்டை வந்தது. தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை கிடைத்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டில் இரண்டு சமையல் ஆனது. எனக்குச் சோறும் மீன் குழம்பும், அவருக்கு முட்டையும் ரொட்டியும் அல்லது வழியில் வாங்கிவருவது. சில நாள் அவர் என் குழம்பைக் கேட்பார். கொடுப்பேன். காரம் என்று கண்ணில் நீர் வரச் சாப்பிடுவார்.

மகள் அதற்கடுத்த வருஷம் கல்லூரிக்குப் போனாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நானும் வாசலுக்கு வரவில்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு வந்தபோது, பையைக்கூட இறக்காமல் நேராகச் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். நான் அடுப்பில் நின்றிருந்தேன். ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்ப அத செய்றதில்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நல்லது," என்றாள்.

ஆனால் ஃபிரிட்ஜ் கதவை மூடவில்லை. அதன் வெளிச்சத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கன்னத்து எலும்பு அவள் அம்மாவின் படத்தில் இருப்பதுபோலவே துருத்திக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் ரொம்ப நேரம் திறந்திருக்கிறதென்று பீப் சத்தம் போட ஆரம்பித்தது.

"சாப்பிட வேற என்ன இருக்கு?"

மீன் குழம்பு என்றேன். அவள் மூக்கைச் சுளித்துவிட்டு, சீரியல் பெட்டியையும் பாலையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, என் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.